மாற்றுச் சான்றிதழுக்குப் பிறகும் ஒரு பாடம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் மாணவிகள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வருவார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போயிட்டு வரேன் மிஸ்" என்பார்கள். "நல்லா படிம்மா" என்று அனுப்பி வைப்போம். வகுப்பாசிரியராக என் வேலை அத்துடன் முடிந்தது என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். 2019 செப்டம்பரில் ஒரு மாலை நேரம் அந்த நினைப்பை மாற்றியது.

நான் குடியிருப்பது திண்டுக்கல் நாகல் நகரில். ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். அன்று வீட்டுக்குத் துணி எடுக்க ஒரு கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மாணவி. அந்த ஆண்டுதான் பி.காம். சேர்ந்திருந்தாள். வணிகவியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவள்.

"காலேஜ் லீவாம்மா?" என்று கேட்டேன்.

"நின்னுட்டேன் மிஸ்" என்றாள்.

கட்டணம் கட்ட முடியவில்லையோ, வீட்டில் திருமணப் பேச்சோ என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஆகஸ்டில் நடந்த முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு தாளில் இருபத்தைந்துக்கு ஏழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். "ஃபெயில் ஆயிட்டேன் மிஸ். அரியர் விழுந்துடும்னு சொன்னாங்க. அரியர் விழுந்தா அடுத்த வருஷத்துக்கு விட மாட்டாங்கல்ல? பாடமும் இங்கிலீஷ்ல புரியல. யார்கிட்ட கேக்குறதுன்னும் தெரியல." அதன் பிறகு சில நாள் விடுப்பு. விடுப்பு எடுத்ததற்குத் திட்டுவார்களோ என்ற பயத்தில் மேலும் சில நாள். பிறகு போகவே இல்லை.

உள்மதிப்பீட்டில் ஒரு முறை மதிப்பெண் குறைந்தால் அது தோல்வி அல்ல என்பதும், அரியர் விழுந்தாலும் மேலே படித்துக்கொண்டே அந்தத் தாளை மறுபடி எழுதலாம் என்பதும் அவளுக்குத் தெரியாது. அவள் அப்பா தறி நெய்பவர். அம்மா தார் சுற்றுபவர். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், பள்ளியில் படித்தது தமிழ், கல்லூரியில் எதிர்கொண்டது ஆங்கிலம். கல்லூரி வாசலை மிதித்தவர் அந்த வீட்டில் அவளுக்கு முன் எவரும் இல்லை. அவளுக்கு இரண்டு ஆண்டுகள் பற்று வரவு கற்றுக்கொடுத்த நான், 'செமஸ்டர்' என்றால் என்ன என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

அவளை மறுபடி கல்லூரிக்கு அனுப்ப முயன்றேன். முடியவில்லை. வருகைப்பதிவு குறைந்திருந்தது. கையில் சம்பளம் வரத் தொடங்கியிருந்தது. "அடுத்த வருஷம் பாக்கலாம் மிஸ்" என்றாள். அடுத்த வருடம் கொரோனா வந்தது.

அன்று தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்கு நான்கு பாடவேளைகள் ஒதுக்குகிறேன். கொரோனா காலத்தில் கைபேசி வழியாக நடந்தது, பிறகு வகுப்பறையில். 2022-இல் 'நான் முதல்வன்' திட்டமும், அதன் கீழ் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் வந்த பிறகு வழிகாட்டும் கையேடுகளும் தகவல்களும் நமக்கு நிறையவே கிடைக்கின்றன. இருந்தாலும் நூற்றுக்கணக்கானோர் கூடும் அரங்கில் ஒரு மாணவி எழுந்து, "அரியர்னா என்ன?" என்று கேட்க மாட்டாள். தன் வகுப்பில், தன் ஆசிரியரிடம் கேட்பாள். அதனால்தான் இந்தப் பாடம் வகுப்பறையில் நடக்க வேண்டும் என்கிறேன். நான் நடத்தும் முறையை நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் பாடவேளை: நம் ஊர்க் கல்லூரி வரைபடம்

இதை டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு முன் நடத்திவிடுகிறேன். கரும்பலகையின் நடுவில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தை வரைவேன். அங்கிருந்து பிரியும் சாலைகளை மாணவிகள் வரைவார்கள். ஒவ்வொரு சாலையிலும் தங்களுக்குத் தெரிந்த கல்லூரிகளை எழுதுவார்கள். முதலில் இரண்டு மூன்று பெயர்கள்தான் வரும். விளம்பரப் பலகை வைத்திருக்கும் கல்லூரிகளாகவே அவை இருக்கும்.

பிறகு சேர்ந்து நிரப்புவோம். நகரில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி, அரசு உதவி பெறும் ஜி.டி.என். கலைக் கல்லூரி. நிலக்கோட்டையில் அரசு மகளிர் கலைக் கல்லூரி. வேடசந்தூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி. பழனியில் பழனியாண்டவர் கல்லூரிகள். ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி. மதுரைச் சாலையில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம். இவற்றுடன் பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம், செவிலியர் படிப்பு என்று பலகை நிறைந்துவிடும். இவ்வளவும் நம் பக்கத்திலேயே இருக்கிறதா என்று மாணவிகள் வியப்பார்கள்.

வரைபடம் முடிந்ததும் மூன்று செய்திகளைச் சொல்வேன்.

ஒன்று, சில கதவுகள் சீக்கிரம் மூடிவிடும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு மே மாதம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் காந்திகிராமத்தில் அண்மை ஆண்டுகளில் பல இளநிலைப் படிப்புகளுக்குத் தேசிய அளவிலான 'க்யூட்' நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். அதற்கான விண்ணப்பம் நம் பொதுத் தேர்வுக்கு முன்போ, தேர்வு நடக்கும் நாட்களிலோ முடிந்துவிடும். "பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நாம் சொன்னால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

இரண்டு, மொத்த மதிப்பெண் குறைவு என்பதால் எல்லாம் முடிந்துவிடாது. அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண்ணையும் கொண்டு தனித் தரவரிசை தயாராகிறது. மற்ற படிப்புகளுக்கு மொழிப் பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். கணக்குப்பதிவியலில் தடுமாறி, தமிழில் தொண்ணூறு எடுக்கும் மாணவி நம் எல்லோர் வகுப்பிலும் இருக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

மூன்று, பயிற்றுமொழி. அரசு கலைக் கல்லூரிகளில் சில பாடங்களைத் தமிழ்வழியிலும் படிக்கலாம். தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணிகளுக்குப் பட்டப்படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆங்கிலவழியைத் தேர்ந்தெடுப்பது தவறில்லை. எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டு வேலையாக ஒவ்வொரு மாணவியும் மூன்று வரிசைகள் எழுதி வருவாள்: விரும்பும் படிப்பு, கிடைக்கக்கூடிய படிப்பு, இரண்டும் இல்லையென்றால் சேரும் படிப்பு. மூன்றாவது வரிசையைக் காலியாக விடக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

இரண்டாம் பாடவேளை: ஒரு கோப்பு

சனவரியில் எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி வருவார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்வேன். தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை பெற அது வேண்டும். சனவரியில் விண்ணப்பித்தால் அலைச்சல் இல்லை. மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள்.

இந்தப் பாடவேளையில் நேரம் பிடிப்பது பெயர் சரிபார்க்கும் வேலைதான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கோப்பை மற்றவர் சரிபார்ப்பார்கள். பிழை இருந்தால் சிவப்பு மையில் குறிப்பார்கள். பிழை திருத்த நமக்கு நான்கு மாதம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்வேன். தேர்வு முடிவு வந்ததும், "சீட்டு வாங்கித் தருகிறோம், அசல் சான்றிதழைக் கொடுங்கள்" என்று வீடு தேடி ஆட்கள் வருவார்கள். கலந்தாய்விலோ கல்லூரி அலுவலகத்திலோ சரிபார்ப்புக்குக் காட்டுவதைத் தவிர அசலை எவரிடமும் விட்டுவரக் கூடாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையைக் கைவிடும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கான விதிகளும் அதில் உள்ளன.

மூன்றாம் பாடவேளை: மூன்று ஆண்டுக் கணக்கு

இது வணிகவியல் ஆசிரியரான எனக்குப் பிடித்த பாடவேளை. வரவு, செலவு என்று இரண்டு பத்தி போடச் சொல்வேன். பெரும்பாலானோர் செலவுப் பக்கம் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் எழுதுவார்கள். பேருந்து? மதிய உணவு? தேர்வுக் கட்டணம்? புத்தகம்? ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

போக வர ஒரு நாளைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 25 நாளுக்கு 750 ரூபாய். ஆண்டுக்குப் பத்து மாதம் என்றால் 7,500. மூன்று ஆண்டுகளுக்கு 22,500. சிறிதாகத் தெரிந்த முப்பது ரூபாய் எவ்வளவாக வளர்கிறது என்று அவர்களே போட்டுப் பார்க்கும்போது, தொலைவும் ஒரு கட்டணம்தான் என்பது புரிகிறது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போடுவோம்.

அடுத்து வரவுப் பக்கம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாய். இந்தப் பணம் மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கணக்குடன் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருத்துவத்தில் இந்த ஒதுக்கீடு 2020-இலேயே வந்துவிட்டது.

கணக்கை முடித்து வீட்டுக்கு எடுத்துச் சென்று பெற்றோரிடம் விளக்கிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். "எவ்வளவு ஆகுமோ" என்ற பயத்துக்குப் பதிலாக வீட்டில் ஒரு தாளில் எண்கள் இருக்கும். எண்களை வைத்துக்கொண்டு பேசலாம்.

நான்காம் பாடவேளை: முதல் நூறு நாட்கள்

கடைசிப் பொதுத் தேர்வு முடிந்த நாளில் இதை நடத்துகிறேன். அந்தத் துணிக்கடையில் பார்த்த மாணவிக்கு நான் சொல்லத் தவறியவை அனைத்தும் இதில்தான் இருக்கின்றன.

முதலில் சொற்கள். செமஸ்டர் என்பது அரையாண்டு. ஒவ்வொரு அரையாண்டும் தனித் தேர்வு. பொதுவாக ஒரு தாளுக்கு 100 மதிப்பெண்ணில் 25 உள்மதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. உள்மதிப்பீட்டில் ஒரு தேர்வு சரியாக அமையாவிட்டால் அடுத்த தேர்விலும் ஒப்படைப்பிலும் ஈடுகட்டலாம். அரியர் என்பது தேர்ச்சி பெறாத தாள். படிப்பைத் தொடர்ந்துகொண்டே அதைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். மேஜர் என்பது முதன்மைப் பாடம். அலைடு என்பது துணைப்பாடம். எச்.ஓ.டி. என்பவர் துறைத்தலைவர். டியூட்டர் என்பவர் நம் வகுப்பாசிரியர் போன்றவர். இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, மாணவிகளைத் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்ல வைப்பேன்.

அடுத்து நான்கு பழக்கங்கள்.

முதல் வாரத்திலேயே டியூட்டரிடம் போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பள்ளியில் ஆசிரியர் நம்மைத் தேடி வருவார், கல்லூரியில் நாம்தான் போக வேண்டும்.

வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. விடுப்பு எடுத்தால் மறுநாளே விடுப்புக் கடிதத்துடன் போய் நிற்க வேண்டும். ஒரு நாள் தள்ளினால் பயம் கூடும், பத்து நாள் தள்ளினால் போகவே மனம் வராது.

ஆங்கிலவழிக்குப் போகிறவர்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு நாளுக்கு ஐந்து கலைச்சொற்கள் எழுத வேண்டும். நம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களின் ஆங்கிலவழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே தமிழில் புரிந்த பாடத்தை ஆங்கிலத்தில் மறுபடி படிப்பது விடுமுறைக்கு ஏற்ற பயிற்சி. கணக்குப்பதிவியலின் முதல் நான்கு அலகுகளை இப்படிப் படித்துவிட்டுப் போன மாணவிகள், முதல் மாதத்தில் திணறவில்லை என்று சொல்கிறார்கள்.

பகடிவதை நடந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்கெதிரான சட்டம் உண்டு. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். நம் பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417. இரண்டையும் கோப்பின் உள்பக்கத்தில் எழுதச் சொல்வேன். மூன்றாவதாக என் எண்ணையும் எழுதுவார்கள்.

பெற்றோருடன் ஒரு மாலை

மாணவிக்குப் புரிந்தால் மட்டும் போதாது. ஏப்ரலில் ஒரு மாலை பெற்றோரை அழைப்போம். நெசவாளர் வீடுகளில் பகலில் வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் ஆறு மணிக்கு மேல். மூத்த தாய்மார்களுக்குச் சௌராஷ்டிரத்தில் சொன்னால்தான் மனதில் நிற்கும். மாணவிகளே எடுத்துச் சொல்வார்கள்.

அங்கே வரும் கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுதான். "மூணு வருஷம் படிச்சா வேலை கிடைக்குமா?" உறுதியாகக் கிடைக்கும் என்று நான் சொல்வதில்லை. பட்டம் இல்லாமல் எழுதவே முடியாத தேர்வுகள் எவை என்று பட்டியலைக் காட்டுவேன். "ஒரு வருஷம் போகட்டும், பிறகு படிக்கட்டும்" என்பார்கள். அதற்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. காந்திகிராமத்தை 1947-இல் உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்திரம், இளம் வயதில் கணவரை இழந்த பிறகு தில்லி சென்று மருத்துவம் படித்தவர். பிந்திப் படிப்பவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் அவருக்குக் கிடைத்த குடும்ப ஆதரவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இருக்கும் வாய்ப்பை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்பேன்.

ஆகஸ்டில் ஒரு அழைப்பு

இந்த நான்கு பாடவேளைகளும் ஒரு பெற்றோர் கூட்டமும் எல்லோரையும் கல்லூரியில் நிறுத்திவிட்டன என்று சொல்ல மாட்டேன். இப்போதும் ஆண்டுக்கு ஓரிருவர் இடம் கிடைத்தும் சேராமல் இருக்கிறார்கள், சேர்ந்தும் நிற்கிறார்கள். சேராதவர்களை 'உயர்வுக்குப் படி' முகாமுக்கு அழைத்துச் செல்கிறோம். சேர்ந்தவர்களை ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில், அதாவது முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு நடக்கும் நேரத்தில், தொலைபேசியில் அழைக்கிறேன். "எத்தனை மார்க்?" என்று கேட்பதில்லை. "நேத்து காலேஜுக்குப் போனியா?" என்று கேட்கிறேன். பதில் தயங்கினால் அந்த வாரமே வீட்டுக்குப் போகிறேன். ஒரு வகுப்புக்கு நாற்பது அழைப்புகள். நாளுக்கு ஐந்து என்றால் எட்டு நாளில் முடியும். நம்மால் முடியாத வேலை அல்ல.

துணிக்கடையில் பார்த்த மாணவிக்கு ஒரு தங்கை உண்டு. 2019-இல் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருந்தாள். 2024-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பி.காம். சேர்ந்தாள். கோப்பைத் தயார் செய்தது அக்காதான். எந்தத் தாளுக்கு எத்தனை நகல் என்று என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தங்கை அழைத்தாள். முதல் செமஸ்டர் முடிவு வந்திருந்தது.

"மிஸ், நாலு பேப்பர் பாஸ். ஒண்ணு அரியர். ஏப்ரல்ல சேர்த்து எழுதிக்கலாம்ல?"

"எழுதிக்கலாம்மா" என்றேன். "யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. இருந்தாலும் அக்கா ஒரு தடவை கேட்டுக்கச் சொன்னாங்க."